பத்தாயிரம் நாள் செல்லுபடியாகும் என் பெயர்

மன்னார்குடியில் அறுவடை மெஷின் வாடகைக்கு விடும் ஓர் அலுவலகத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அந்த இடத்தை நினைத்தால் முதலில் என் கண்முன் வருவது, முதலாளி வண்டிச் சாவியால் காது குடைவதுதான். குடைந்து முடித்ததும் சாவியை ஒருமுறை உற்றுப் பார்ப்பார். பிறகு வேட்டியில் துடைத்து, அதே சாவியை டிரைவர் கையில் கொடுப்பார். டிரைவர்கள் பழகிவிட்டார்கள். நான் பழகவில்லை. என் மேசைக்கு வரும் சாவிகளைக் கைக்குட்டையால் பிடித்துத்தான் ஆணியில் மாட்டுவேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் பாஸ் செய்திருக்கிறேன். இங்கே வருவதற்கு முன்பு பதினான்கு வருடம் ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சராக இருந்தேன். எனக்குப் பேச வராது. அதனாலேயே அந்த வேலைக்குப் பொருத்தமானவளாக இருந்தேன். நிலத்தை விற்கிறவர்கள் எதிரே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது, தட்டச்சு செய்கிறவள் அதைப் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும். எனக்கு அது சுலபம். பஸ்ஸில் என் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்துவிட்டால் ஊர் வரும்வரை நின்றுகொண்டே வருகிறவள் நான்.

பத்திரத்தில் ஒரு வழக்கம் உண்டு. விற்கிறவர், வாங்குகிறவர், சாட்சிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டபிறகு, எல்லாவற்றுக்கும் கீழே சின்னதாக, ‘தட்டச்சு செய்தவர்’ என்று என் பெயர் இருக்கும். அப்பாவின் முதலெழுத்து, பெயர், ஊர். நிலம் என்னுடையதில்லை, பணம் என்னுடையதில்லை, ஆனால் இதை அடித்தது நான், தப்பு இருந்தால் என்னைக் கேட்கலாம் என்று அதற்குப் பொருள். பதினான்கு வருடத்தில் அது என் விரலுக்கே பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் பின்னால் என்னை மாட்டிவிட்டது.

அறுவடைக் காலத்தில் எங்கள் அலுவலகத்துக்குப் போன் ஓயாமல் வரும். வயலில் ஈரம் இருந்தால் செயின் வண்டி, காய்ந்திருந்தால் டயர் வண்டி. எந்த ஊர், எத்தனை மா நிலம், எந்தத் தேதி என்று எல்லாவற்றையும் நான் ஒரு நோட்டில் எழுதுவேன். ஒரு வருடம் தேதி குழம்பி, ஒரே நாளில் இரண்டு ஊருக்கு ஒரே வண்டியைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு முதலாளி, இதற்கு ஓர் ஆப் செய்துவிடலாம் என்றார். சீர்காழியில் வீட்டிலிருந்தபடியே இந்த வேலை செய்யும் ஒருவரைப் பிடித்தார். முப்பது வயதிருக்கும், கைக்குழந்தைக்காரர். நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. போனில் பேசும்போது பின்னால் குழந்தை அழும்.

ஆப் தயாரானபோது அவர் முதலாளியிடம் ஒன்று சொன்னார். ஆப்பை வெளியே விடுவதற்கு முன் அதில் ஒரு கையொப்பம் போட வேண்டும், அதற்கு ஒரு சான்றிதழும் சாவியும் உண்டாக்க வேண்டும், அது சின்ன ஒரு ஃபைல்தான், அடுத்தடுத்து விடும் ஒவ்வொரு பதிப்பிலும் அதே சாவியால் கையொப்பம் போட்டாக வேண்டும் என்று. போனை வைத்ததும் முதலாளி என்னைப் பார்த்தார்.

“சாவி அவன்கிட்ட இருந்தா நாளைக்கு அவன்தாம்மா முதலாளி. நம்ம ஆபீஸ்லயே செய்யணும். நீ செய்யி.”

“எனக்குத் தெரியாதுங்க சார்.”

“டைப்படிக்கத் தெரியுமில்ல? அவன் சொல்லுவான், நீ அடி. பத்திரம் நம்ம பீரோவுல இருக்கணும்.”

அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குள், ராகுகாலத்துக்கு முன், அந்தச் சாவியை நான் உண்டாக்கினேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“அக்கா, கறுப்பா ஒரு ஜன்னல் திறந்திருக்கா?”

“ம்.”

“நான் சொல்றத அப்படியே அடிங்க. எங்க இடைவெளி விடணுமோ அங்க சொல்றேன்.”

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். நீளமான ஒரே வரி. அதில் எத்தனை நாள் செல்லுபடியாக வேண்டும் என்பதற்கு ஓர் எண் வந்தது.

“பத்தாயிரம்னு போடுங்கக்கா.”

மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். இருபத்தேழு வருடம். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. நான் போய்ச் சேர்ந்தாலும் சேர்ந்திருப்பேன், சான்றிதழ் இருக்கும் என்று சிரிப்பு வந்தது.

“பாஸ்வேர்டு கேக்குதா? எனக்குச் சொல்லாதீங்க, சார் திட்டுவாரு.”

என் வாழ்க்கையில் முதன்முதலாக நான் தட்டச்சு செய்த பத்திரத்தின் எண்ணையும் அந்தக் கிராமத்தின் பெயரையும் சேர்த்து அடித்தேன். திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை. கீபோர்டு கெட்டுவிட்டதென்று பயந்து நிறுத்தினேன்.

“தெரியாதுக்கா, அது அப்படித்தான். நீங்க அடிச்சது அதுக்குத் தெரியும்.”

அடுத்து பெயர் கேட்டது. “பேரு கேக்குது” என்றேன். குழந்தை வீறிட்டது. அவர் “போடுங்கக்கா, போடுங்க” என்று சொல்லிவிட்டு குழந்தையிடம் போய்விட்டார். அடித்தது யார் என்று கேட்கிறது என்று நினைத்தேன். அப்பாவின் முதலெழுத்தோடு என் பெயரைப் போட்டேன். பிறகு அலுவலகத்தின் பெயர், ஊர், மாநிலம். எல்லாம் சரியா என்று கேட்டது. சரி என்றேன்.

அவர் அதைக் கவனித்தது ஒரு மாதம் கழித்து. அதற்குள் ஆப் முந்நூறு நானூறு போன்களுக்குப் போய்விட்டது. ஆப் கடையில் போட்டால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று முதலாளி வாட்ஸப்பில் லிங்க் அனுப்பியே பரப்பினார்.

“அக்கா, சார் பேரப் போடாம உங்க பேரையா போட்டீங்க?” என்று சிரித்தார். “பரவால்ல விடுங்க. இத யாரும் பாக்கப்போறதில்ல.”

“மாத்திடலாமா?”

“முடியாதுக்கா. போன்ல ஏற்கெனவே இருக்குறதும் புதுசா வர்றதும் ஒரே சாவியில கையெழுத்தாகியிருக்கான்னு போனே பாக்கும். ஒண்ணா இருந்தா சத்தமில்லாம ஏத்துக்கும். மாறியிருந்தா உள்ளயே விடாது.”

சாவி இருந்த பென் டிரைவை முதலாளி மஞ்சள் துணியில் சுற்றி பீரோவில், வண்டிகளின் ஆர்.சி. புத்தகங்களுக்கு நடுவில் வைத்தார். இன்னொரு பிரதி எடுத்து வைக்கும்படி சீர்காழிக்காரர் இரண்டுமுறை சொன்னார். “பத்திரத்துக்கு எதுக்குடா ரெண்டாவது ஒரிஜினல்” என்று முதலாளி கேட்டுவிட்டார். பாஸ்வேர்டை அவர் என்னிடம் கேட்டதே இல்லை. அவருக்கு அது என் வேலை.

புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் நான் பீரோவைத் திறந்து, பென் டிரைவைச் செருகி, நோட்டில் எழுதிவைத்த வரியை அடித்துக் கையொப்பம் போடுவேன். பிறகு சான்றிதழின் கைரேகை என்று ஒரு நீளமான எண்ணும் எழுத்துமான வரி வரும். அதையும் நோட்டில் உள்ளதையும் ஸ்கேல் வைத்து இரண்டு இரண்டு எழுத்தாக ஒப்பிடுவேன். அப்படி ஒப்பிடத் தேவையில்லை என்று அவர் சொன்னார். பத்திர ஆபீஸில் சர்வே எண்ணை ஒப்பிட்டுப் பழகியவளுக்கு அது இல்லாமல் வேலை முடிந்ததாகத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் பேச வேண்டாம்.

பிறகு நிலத் தரகர் வர ஆரம்பித்தார். வெளியூர்க்காரர். பிளாட் போடுகிறவர்களுக்கு நிலம் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் பஜ்ஜியோடு வருவார். முதலாளியும் அவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். கொஞ்ச நாளில் சீர்காழியிலிருந்து ஒரு புதுப் பதிப்பு வந்தது. போனில் உள்ள பெயர்களையும் எண்களையும் பார்க்க அது அனுமதி கேட்கும் என்றார் அவர்.

“எதுக்குங்க?”

“பக்கத்து வயக்காரங்களுக்கும் மெஷின் வர்றத சொல்லலாம்னு சார் சொன்னாருக்கா.”

தட்டச்சு செய்கிறவள் பத்திரத்தில் உள்ளதைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை. கையொப்பம் போட்டேன். கைரேகையை ஒப்பிட்டேன். அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து முதலாளி ஒரு ஃபைலைக் காட்டி பிரிண்ட் எடுக்கச் சொன்னார். நூற்றுக்கணக்கான பக்கம். பிரிண்டர் கக்கிக்கொண்டே இருந்தது. தாளை அடுக்கும்போதுதான் படித்தேன். ஊர்க்காரர்களின் போனில் இருந்த பெயர்கள், அவர்கள் எப்படிப் பதிந்திருந்தார்களோ அப்படியே. ‘மகன் சிங்கப்பூர்.’ ‘பால் பாக்கி.’ ‘சின்னவள் மாமியார் எடுக்காதே.’ ‘கர்ப்பப்பை டாக்டர்.’ ‘அம்மா பழைய நம்பர்.’ ‘சாராயம்.’ ‘சாமியார் பரிகாரம்.’ ஒரு வீட்டின் கொல்லைக் கதவைத் திறந்து, கொடியில் காயும் உள்ளாடைகளை எண்ணிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

தரகர் ஒரு கையில் பஜ்ஜியை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் பக்கங்களைப் புரட்டினார். எண்ணெய் விரலைத் தாளின் ஓரத்திலேயே துடைத்தார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் எண்களாகப் பார்த்து சிவப்புப் பேனாவால் சுழித்தார்.

“கெழவன் கெழவி விக்கமாட்டாங்கண்ணே. பையன்கிட்ட பேசணும். அவனுக்கு வயல்ல என்ன இருக்கு” என்றார். பிறகு ஓர் இடத்தில் நின்று சிரித்தார். “இதப் பாருங்க. ‘மெஷின் ஆபீஸ் பேசாத அம்மா.’ யாருண்ணே இது?”

முதலாளி என் பக்கம் தலையை ஆட்டினார்.

“மேடமா? ஏன் மேடம், பேசவே மாட்டீங்களா? இங்க பாருங்க, மூணு பேரு இதே பேர்ல போட்டு வெச்சிருக்கான்.”

“அது பேசுனா ஆபீஸ் இடிஞ்சி விழுந்துடும்” என்றார் முதலாளி. இருவரும் சிரித்தார்கள். முதலாளியின் வாயிலிருந்து பஜ்ஜித் துகள் தெறித்து என் பெயர் இருந்த தாளின்மேல் விழுந்தது. அவர் அதை விரலால் ஒற்றியெடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான் எழுந்துபோய் கை கழுவினேன். அன்று முழுவதும் கழுவிக்கொண்டே இருந்தேன். எனக்கு அவர்கள்மேல் இருந்த அருவருப்பு ஒரு பங்கு. அந்தப் பதிப்பைப் போன்களுக்குள் விட்ட கையொப்பம் என்னுடையது என்ற அருவருப்பு மூன்று பங்கு. அந்தப் போன்கள் எதுவும் கதவைச் சும்மா திறக்கவில்லை. பழைய கைதானே என்று பார்த்துத் திறந்தன.

இரண்டு வாரம் கழித்து நன்னிலம் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். கணவரை இழந்தவர். ஆறு மா நிலத்தைத் தானே பார்க்கிறவர். மூன்று வருடமாக எங்களிடம்தான் வண்டி சொல்கிறார்.

“எம்மா, நான் அறுப்பு மெஷினுதானே கேட்டேன். என் வயல யாரு வெலைக்குக் கேக்கச் சொன்னா?”

பேனாவை மூடி வைத்தேன்.

“சிங்கப்பூர்ல எம்புள்ளைக்குப் போன் பண்ணி, ஒங்கம்மா விக்கப்போவுது, நீ ஒரு வார்த்த சொல்லுன்னுருக்கான். எந்நாத்தனாருக்கும் போட்டிருக்கான். அவ வந்து வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்திட்டுப் போறா, எனக்குப் பங்கு குடுக்காம விக்கிறியான்னு. எம்புள்ளையும் ஒரு வாரமா பேசல. நம்பரு எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சி அவனுங்களுக்கு?”

“கேட்டுச் சொல்றேங்க” என்று மட்டும் சொன்னேன். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

தைப் பொங்கல் நெருங்கியது. சம்பா அறுவடைக்கு எல்லோரும் ஆப்பைத் திறக்கும் நேரம். சீர்காழியிலிருந்து இன்னொரு பதிப்பு வந்தது. இந்தமுறை அது போட்டோக்களைப் பார்க்கும் என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

“போட்டோ எதுக்குங்க தம்பி?”

“எல்லாரும் பட்டா, சிட்டா, ஆதாரெல்லாம் போன்ல போட்டோ எடுத்துத்தான வெச்சிருக்காங்கக்கா. அதுக்கு.”

“நீங்க செஞ்சி குடுக்கலாமா இத?”

நான் யாரையும் இப்படிக் கேட்டதில்லை. எதிர்ப்பக்கம் குழந்தை சிணுங்கியது.

“எனக்கு இதான்கா பொழப்பு. நான் இல்லன்னா இன்னொருத்தன். ஆனா ஒண்ணு, கையெழுத்து இல்லாம இது ஒரு போன்லயும் ஏறாது. அது உங்ககிட்டதான இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டார். பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டு அவர் குழந்தையைத் தூக்கப் போய்விட்டார். அவர்மேலும் எனக்கு அருவருப்பாக இருந்தது.

எதிரே நின்று மாட்டேன் என்று சொல்ல என்னால் முடியாது. மூன்று நாள் அந்த வார்த்தையை வாய்க்குள் வைத்துப் பார்த்தேன், வெளியே வரவில்லை. நான்காம் நாள் முதலாளி கும்பகோணம் போயிருந்தார். கறுப்பு ஜன்னலைத் திறந்தேன். பழைய நோட்டைப் பார்த்து அதே வரியை அடித்துப் புதிதாக ஒரு சாவி உண்டாக்கினேன். பெயர் கேட்டது. இந்தமுறை யார் பெயரைக் கேட்கிறது என்று எனக்குத் தெரியும். முதலாளியின் பெயரை இனிஷியலோடு, எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். அந்தச் சாவியால் புதுப் பதிப்பில் கையொப்பம் போட்டு வைத்தேன்.

பழைய சாவி இருந்த பென் டிரைவை வீட்டுக்கு எடுத்துப்போய், தேங்காய் உடைக்கும் அரிவாளின் பின்பக்கத்தால் உடைத்தேன். மறுநாள் காலை குப்பை வண்டி வந்தபோது, மக்காத குப்பைக் கூடையில் போட்டேன். பெருமையாகச் சொல்லவில்லை. அது என் பொருள் இல்லை. நல்ல காரியத்துக்காக ஊர்க்காரர்கள் வைத்திருந்த ஆப்புக்கும் அதோடு இனிப் புதுப் பதிப்பு இல்லாமல் போனது.

பொங்கலுக்கு முந்திய திங்கட்கிழமை முதலாளி லிங்க்கை அனுப்பினார். அரை மணி நேரத்தில் போன்கள் வர ஆரம்பித்தன. ஏறமாட்டேனென்கிறது, ஏறமாட்டேனென்கிறது. முதலாளி தன் போனிலேயே போட்டுப் பார்த்தார். ஏறவில்லை. தரகர் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முதலாளி சீர்காழிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“என்னடா செஞ்சி குடுத்திருக்க?”

அவர் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். “நான் குடுத்தது சரியாத்தான் சார் இருக்கு. கைரேகை மாறியிருக்கு. வேற சாவி. இப்ப உங்க பேர்ல இருக்கு சார்.”

“எம்பேர்ல இருந்தா நல்லதுதானேடா.”

“பழைய சாவி வேணும் சார். அது இல்லாம பழைய ஆப்புக்கு மேல எதுவும் போட முடியாது. எவனாலயும் முடியாது.”

முதலாளி பீரோவைத் திறந்தார். மஞ்சள் துணி மட்டும் இருந்தது. காது குடையும் சாவியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதன் நுனியில் இருந்த மஞ்சள் அழுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எங்கம்மா?”

“ஒடச்சிட்டேன்.”

“என் சொத்தும்மா அது.”

“பேரு என்னுதுங்க” என்றேன். அவ்வளவுதான் வந்தது. குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் தரகருக்குக் கேட்டிருக்க வேண்டும். “பேசிடுச்சிண்ணே” என்றார்.

முதலாளி கத்தினார், போலீஸ் என்றார், நன்றி கெட்டவள் என்றார். போலீசுக்குப் போனால் அந்தப் பட்டியலையும் காட்ட வேண்டும் என்பது அவருக்கே தெரியும். போகவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வரும்போது, ஆப் வருவதற்கு முன் நான் கைப்பட எழுதிய நோட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஊர், பெயர், போன் எண். வீட்டுக்கு வந்து அதைத் திறந்தபோதுதான் உறைத்தது. நானும் கடைசியில் ஒரு பட்டியலைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

புதியது நின்றுவிட்டது. ஆனால் நான் கையொப்பம் போட்ட முந்தியது இன்னும் போன்களில் உட்கார்ந்திருந்தது, பெயர்களை எடுத்துக்கொண்டு. அதை வெளியே எடுக்கச் சாவி உதவாது. ஒவ்வொருவராகத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை.

பிற்பகலில் ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் நன்னிலத்து அம்மாவுக்குப் போட்டேன். இரண்டுமுறை மணி அடிக்கவிட்டு நானே வைத்துவிட்டேன். மூன்றாவதுமுறை அவர் எடுத்தார்.

“மெஷின் ஆபீஸ்லேர்ந்து பேசுறேங்க. இப்ப அங்க இல்ல. அந்த ஆப்ப எடுத்துடுங்க. புதுசா லிங்க் வந்தாலும் தொடாதீங்க. அதுலேர்ந்துதான் உங்க நம்பரெல்லாம் போச்சி.”

“எப்படி எடுக்குறது?”

“அந்தப் படத்த அழுத்திப் புடிங்க. விடாம.”

“புடிச்சிருக்கேன்.”

“நீக்கவான்னு கேக்கும். ஆமான்னு தொடுங்க.”

நகத்தால் திரையைத் தட்டும் சத்தம் கேட்டது.

“போயிடுச்சி. அப்ப எம்புள்ளைக்குப் பேசுனது, எந்நாத்தனாருக்குப் பேசுனது?”

“அது போனது போனதுதாங்க. திரும்பாது.”

“யாரு அதை உள்ள விட்டது?”

முதலாளி என்று சொல்லலாம். தரகர் என்று சொல்லலாம். சீர்காழிக்காரர் என்றும் சொல்லலாம்.

“நாந்தாங்க” என்றேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். நீளமாகத்தான் திட்டினார். எனக்குத் தெரிந்த வார்த்தைகள் எல்லாம் வந்தன, தெரியாதது இரண்டு மூன்றும் வந்தன. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

“இப்ப வண்டிக்கு என்ன பண்றது? கதிரு சாஞ்சி கெடக்கு.”

ஒரத்தநாட்டுப் பக்கம் சொந்த வண்டி வைத்திருக்கும் ஒரு டிரைவரின் எண்ணைச் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளப் பேனா தேடினார்.

“செயின் வண்டிதானே? வயல்ல ஈரம் காயல.”

“செயின் வண்டிதாங்க” என்றேன்.